கால்வாய்ப் படகுப் பயணத்துக்குக் குறிப்பேடு எழுதுவது எப்படி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாத மாலையில், பழவேற்காட்டுக்குத் தெற்கே பக்கிங்காம் கால்வாய்க்குள் எங்கள் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. எஞ்சினை நிறுத்திவிட்டுக் கழியை ஊன்றிப் பார்த்த மாமா, "போன வருஷமும் இங்கதான மாட்டுனோம்? நீதான் நோட்டு எழுதுவியே மாப்ள, அதுல என்ன போட்டிருக்க, பாரு" என்றார். பையிலிருந்து நோட்டை எடுத்துப் புரட்டினேன். அந்திச் சூரியன் தண்ணீரில் பொன்னாகக் கரைந்ததாகவும், பூநாரைகள் கூட்டமாகப் பறந்ததாகவும் அழகான கையெழுத்தில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தேன். எந்த இடத்தில் தண்ணீர் குறைவு, அன்று அமாவாசையா அஷ்டமியா, எத்தனை மணிக்கு மாட்டினோம், எப்படி வெளியே வந்தோம் என்பதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஓதம், அதாவது கடலின் நீரேற்றம், ஏறும்வரை நாலரை மணி நேரம் கொசுக்கடியில் உட்கார்ந்திருந்தோம். மாமா அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

அன்றிலிருந்து என் குறிப்பேடு மாறிவிட்டது. கால்வாயில் படகில் போகிறவர் எழுதுவது முதலில் அடுத்த முறை அதே வழியில் வரப்போகும் படகுக்காக. தம் மனநிறைவுக்காக எழுதுவதெல்லாம் அதற்குப் பின்புதான். தடா, ஆரம்பாக்கம், சூளூர்பேட்டை பக்கத்தில் பழவேற்காடு ஏரியிலும் கால்வாயிலும் அடிக்கடி போகிறவர்களையும், வெளியூரிலிருந்து வந்து உள்ளூர்ப் படகில் ஏறுகிறவர்களையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

படகில் போகிறவர்களுக்கு மட்டும் எழுதும் ஆசை ஏன் இவ்வளவு அதிகம் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. வேகம்தான் முதல் காரணம் என்பது என் எண்ணம். இங்கிலாந்தின் குறுகிய கால்வாய்களில் படகுக்குரிய உச்ச வேகமே மணிக்கு 4 மைல்தான். நன்றாக நடக்கிற ஒருவர் கரையோரமாகவே உடன் வந்துவிடலாம். அந்த வேகத்தில் போகும்போது ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு பாலமும் கண்ணில் தங்குகிறது. ஆனால் கால்வாய் எங்கும் ஒரே சாயலாக இருப்பதால், நான்கு பயணங்களுக்குப் பிறகு எது எங்கே என்பது குழம்பிவிடுகிறது. நன்றாகப் பார்த்ததும் நன்றாக மறந்துபோவதும் ஒரே இடத்தில் நடப்பதால்தான் கை பேனாவைத் தேடுகிறது. அந்நாட்டில் வேறு காரணங்களும் உண்டு. நிலையான படகுத்துறை இல்லாமல் படகிலேயே குடியிருப்பவர் ஓரிடத்தில் பொதுவாக 14 நாட்களுக்கு மேல் தங்கக்கூடாது என்று 1995ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதால், என்று எங்கே இருந்தோம் என்பதைக் குறித்து வைத்திருப்பது அவர்களுக்குத் தற்காப்பாகவும் அமைகிறது. எல். டி. சி. ரோல்ட் என்ற பொறியாளர் 1939இல் தம் மனைவியுடன் 'கிரெஸி' என்ற படகில் கால்வாய்களில் சுற்றி, கண்டவற்றை எழுதி 1944இல் நூலாக வெளியிட்டார். பாழடைந்துகொண்டிருந்த கால்வாய்களைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு அதனால் எழுந்து, 1946இல் உள்நாட்டு நீர்வழிச் சங்கம் உருவாயிற்று.

நம் பக்கத்து நிலைமை வேறு. இங்கே கால்வாயின் ஆழத்தைக் காட்டும் பலகையும் இல்லை, படகோட்டி கையில் வைத்துப் பார்க்கத்தக்க வரைபடமும் இல்லை. 2008இல் இந்த நீர்வழி, கோதாவரி, கிருஷ்ணா ஆறுகளின் பகுதிகளோடு சேர்த்து, நான்காம் தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டது என்றாலும், எங்கள் படகு உட்கார்ந்த சேறு அங்கேயேதான் இருக்கிறது. ஆகவே இங்கே குறிப்பேடே வரைபடம்.

தேவையான பொருட்கள் மிகச் சில. கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று, பென்சில் இரண்டு, அவற்றைப் போட்டு வைக்க வாயைக் கட்டக்கூடிய பிளாஸ்டிக் பை. பேனா வேண்டாம், உப்புத் தண்ணீர் தெறித்து ஈரமான தாளில் பால்பாயிண்ட் எழுத மறுக்கும், மை பேனாவில் எழுதியதோ கரைந்துவிடும். தொலைபேசியில் எழுதிக்கொள்ளலாம் என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. நடுப்பகல் வெயிலில் திரை தெரிகிறதா, ஈர விரலுக்கு அது கேட்கிறதா என்று ஒருமுறை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். இருக்கும் இடத்தைக் குறிக்கவும் படம் எடுக்கவும் தொலைபேசி போதும்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது அளவுக் கழி. படகு தள்ளும் மூங்கில் கழியிலேயே, அடி நுனியிலிருந்து கால் மீட்டருக்கு ஒரு பட்டையாகச் சிவப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பெயின்ட் அடித்துவிடுங்கள். கழியை இறக்கும்போது அடி எங்கே படுகிறது என்பதைக் கை உணர வேண்டும். மணலில் பட்டால் 'சரக்' என்று ஒரு கரகரப்பு மேலேறி வரும். சிப்பி மேட்டில் பட்டால் கல்லில் தட்டியதுபோல அதிரும். அங்கே எஞ்சினைத் தூக்கிவிட வேண்டும். சேற்றில் பட்டால் எந்தச் சத்தமும் இருக்காது; கழி மெல்ல மெல்ல உள்ளே போய்க்கொண்டே இருக்கும், வெளியே இழுத்தால் உறிஞ்சிப் பிடிக்கும். புதிதாக எழுதுகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, சேற்றுக்குள் போன நீளத்தையும் தண்ணீரின் ஆழமாக எழுதிவிடுவது. கழி முதன்முதலில் தயங்கிய இடம்தான் ஆழம். அதன்பின் போனது சேற்றின் கனம். இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். மாமா போன்றவர்களுக்கு மீட்டர் கணக்கு வேண்டாம்; முழங்கால் தண்ணீர், இடுப்புத் தண்ணீர், கழுத்துத் தண்ணீர் என்பது அவர்கள் கணக்கு. அதையும் பக்கத்திலேயே எழுதினால், எண்ணில் பிழை நேர்ந்தாலும் சொல் காட்டிக்கொடுத்துவிடும்.

பயணம் தொடங்குமுன் எழுத வேண்டிய முதல் வரி முகத்துவாரத்தைப் பற்றியது. பழவேற்காட்டு முகத்துவாரம் திறந்திருக்கிறதா, மணல் தூர்ந்து குறுகிவிட்டதா என்பதைப் பொறுத்தே உள்ளே ஏரியிலும் கால்வாயிலும் ஓதம் வேலை செய்யும். வாய் அடைபட்ட மாதங்களில் அமாவாசையன்றுகூடத் தண்ணீர் அசையாமல் கிடக்கும். அப்படிப்பட்ட நாளில் ஓதம் ஏறும் என்று காத்திருப்பவர் காத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். இரண்டாவது வரி திதி. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும், அஷ்டமியை ஒட்டிச் சிறிதாக இருக்கும். சென்னைக் கடற்கரையில் பெரிய ஓதத்தின்போதே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். கால்வாய்க்குள் வரும்போது அதுவும் குறைந்துவிடும். ஏரியே பெரும்பாலும் ஆளுயரத்துக்குக் குறைவான ஆழமுள்ளது என்பதால், ஒரு சாண் தண்ணீர் படகை நகர்த்தவும் செய்யும், நிறுத்தவும் செய்யும்.

ஓதம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதும், ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம் என்பதும் துறைமுக அட்டவணையில் கிடைத்துவிடும். அட்டவணையில் கிடைக்காதது ஒன்று உண்டு. கடலில் ஏற்றம் தொடங்கி எவ்வளவு நேரம் கழித்து, நாம் நிற்கும் பாலத்தடியில் தண்ணீர் திரும்புகிறது? இதை யாரும் அச்சிட்டு வைக்கவில்லை. இடத்துக்கு இடம் மாறும், முகத்துவாரத்தின் அகலத்தோடும் மாறும். ஒரு பாலத்தின் தூணில் தண்ணீர் தொடும் கோட்டைக் கரித்துண்டால் குறித்துவிட்டு, தேநீர் குடித்து முடித்து வந்து பார்த்தால், ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். அந்த நேரத்தை எழுதுங்கள். ஒரே இடத்தில் பத்துப் பயணங்களில் எழுதிய பத்து நேரங்கள் சேர்ந்தால், உங்களுக்கென்று ஓர் ஓத அட்டவணை கிடைத்துவிடும். குறிப்பேட்டின் முழுப் பயனும் இந்த ஒன்றிலேயே அடங்கியிருக்கிறது என்று சொன்னாலும் நான் மறுக்கமாட்டேன்.

அடுத்து காற்று. ஐப்பசி முதல் மார்கழி வரை வாடை அடிக்கும். கோடையில் பிற்பகலில் கடற்காற்று எழும். ஆழமில்லாத ஏரியில் காற்று எழுந்தால் அலை குட்டையாகவும் நெருக்கமாகவும் வரும். தாழ்வான படகில் தண்ணீர் ஏறிவிடும். எத்தனை மணிக்குக் காற்று மாறியது என்பதை எழுதினால், அடுத்த முறை திரும்பும் நேரத்தை முன்கூட்டியே முடிவு செய்யலாம்.

படகைப் பற்றிய வரியில் நீளம், அகலம், பாரத்தோடு அது தண்ணீரில் எவ்வளவு அமிழ்கிறது, எத்தனை பேர், எத்தனை மிதவைச் சட்டைகள் என்பவை இருக்க வேண்டும். கடைசி இரண்டு எண்களும் ஒன்றாக இல்லாவிட்டால் பயணத்தைத் தொடங்காதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் உல்லாசமாகப் படகில் சென்றவர்களில் 22 பேர் படகு கவிழ்ந்து இறந்தார்கள். வெளியூர்க்காரர்கள், இந்தப் படகு ஆட்களை ஏற்ற அனுமதி பெற்றதுதானா என்று கேட்டுவிட்டே ஏற வேண்டும். கேட்டால் படகுக்காரர் கோபித்துக்கொள்வாரோ என்று கூசத் தேவையில்லை. முறையாக ஓட்டுகிறவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

படகு நகரத் தொடங்கியபின் எழுதுவது குறைவாகவும் அடிக்கடியும் இருக்கட்டும். நேரம், இடம், ஆழம், அடித்தரை, தடை: இந்த ஐந்தும் ஒரு வரிக்குள் வந்துவிட வேண்டும். தடை என்பது பெரும்பாலும் ஆகாயத்தாமரையாகவோ, தாழ்வான குழாயாகவோ, குறுக்கே கட்டிய வலையாகவோ இருக்கும். பாலத்தின் உயரத்தை எழுதும்போது அந்த நேரத்து நீர்மட்டத்தையும் எழுதாவிட்டால் அந்த எண்ணால் பயனில்லை. வற்றத்தில் குனியாமல் கடந்த பாலம் ஏற்றத்தில் தலையைத் தட்டும்.

வலைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பழவேற்காட்டில் 'பாடு' என்ற முறை பழங்காலத்திலிருந்து வருகிறது. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதை மீனவக் குப்பங்களே முறைவைத்துத் தீர்மானித்துக்கொள்ளும். நட்ட கழிகளும் அவற்றிலுள்ள துணியும் தெரிந்தால் சுற்றிப் போக வேண்டும். எஞ்சினின் விசிறி வலையைக் கிழித்தால் ஒரு குடும்பத்துக்குப் பாடு முறையில் வந்த நாள் வீணாகிவிடும். வலை இருந்த இடத்தைக் குறிப்பேட்டில் எழுதலாம், ஆனால் நண்டும் இறாலும் எங்கே நன்றாகப் படுகின்றன என்று படகில் காதில் விழுந்ததை எழுதிப் பரப்பக்கூடாது. அது அவர்கள் பிழைப்பு. இன்னொன்றும் இருக்கிறது: இந்த ஏரியைத் தமிழ்நாடு, ஆந்திர மாநில எல்லை குறுக்கே வெட்டுகிறது, தண்ணீரில் கோடு ஏதும் தெரியாது, எல்லையை ஒட்டி இரு பக்கத்து மீனவருக்கும் மனத்தாங்கல் வந்ததுண்டு. யார் எந்தப் பக்கம் வந்தார்கள் என்று பெயரோடு எழுதி வைக்கும் வேலை நமக்கு வேண்டாம். ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்தை ஒட்டிய பகுதிகளில் படம் எடுப்பதையும் தவிர்த்துவிடுங்கள். ராக்கெட் ஏவும் நாளில் தண்ணீரில் இறங்குமுன் கட்டுப்பாடு என்னவென்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

இடப்பெயர்களை இரு மொழியிலும் எழுதும் பழக்கம் எல்லைப்புறத்தில் மிகவும் தேவை. நாம் பாளையம் என்பதைத் தெலுங்கு பேசுகிறவர்கள் பாலெம் என்பார்கள். ஒரே ஊர் இரண்டு ஊராகிவிடும். படகை ஏற்றி இறக்கும் மதகுக்கு நாம் 'லாக்' என்கிறோம், தெலுங்கில் 'லாக்குலு' என்று பன்மையில்தான் சொல்வார்கள். முதியவரிடம் "இங்கே லாக் இருந்ததா?" என்று கேட்டபோது இல்லை என்றவர், "லாக்குலு?" என்றதும் எழுந்து வந்து கல்லையே காட்டினார்.

பழைய செய்திகளைச் சேர்க்க விரும்புகிறவர்களுக்கு இந்தக் கால்வாய் நல்ல பொருள். 1806இல் பேசில் காக்ரேன் என்பவர் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டத் தொடங்கியது. 1837இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. பிறகு வடக்கே படிப்படியாக நீண்டது. தாது வருஷப் பஞ்சத்தில் (1876–78) நிவாரண வேலையாக அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் ஏறக்குறைய 8 கிலோமீட்டர் வெட்டப்பட்டது. 1878இல் அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் சூட்டப்பட்டது. காக்கிநாடாவிலிருந்து மரக்காணம்வரை, கிருஷ்ணா, கோதாவரிக் கால்வாய்களையும் சேர்த்தால் 796 கிலோமீட்டர். அதில் பெத்த கஞ்சாமிலிருந்து மரக்காணம்வரை உள்ள உப்பு நீர்ப் பகுதி ஏறக்குறைய 420 கிலோமீட்டர். இதன் வழியே உப்பும் நெல்லும் சவுக்கு விறகும் சென்னைக்குப் போயின. 1965, 1966, 1976 ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைக் கெடுத்தபின் சரக்குப் படகுகள் ஓய்ந்தன. இவற்றை நோட்டின் முதல் பக்கத்தில் ஒருமுறை எழுதினால் போதும், ஒவ்வொரு பயணத்திலும் திருப்பி எழுத வேண்டியதில்லை. பயணத்தில் சேர்க்க வேண்டியவை, கரையில் இருப்பவர் சொல்லும் நினைவுகள். அவர்கள் ஆண்டு சொல்லமாட்டார்கள். "பெரிய புயலுக்கு முன்னாடி", "சுனாமிக்கு அடுத்த வருஷம்" என்பார்கள். சொன்னபடியே எழுதிவிட்டு, ஆண்டை அடைப்புக்குறிக்குள் பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். சுனாமி என்றால் 2004 என்பதில் குழப்பமில்லை. பெரிய புயல் எது என்பதில் வீட்டுக்கு வீடு வேறுபாடு உண்டு.

இவ்வளவும் சொன்னபின் ஒரு மாதிரியையும் தருகிறேன். சென்ற ஆண்டு என் நோட்டில் உள்ள ஒரு பக்கத்தின் பகுதி இது:

"தை, வளர்பிறை அஷ்டமிக்கு மறுநாள். வாய் திறந்திருக்கிறது, குறுகல். மெல்லிய வாடை. ஃபைபர் படகு, நாலு பேர், நாலு சட்டை. 6.40 கிளம்பியது. 7.25 கால்வாய் வாய், 1¼ மீட்டர், மணல். 7.50 வளைவு, முக்கால் மீட்டர், சேறு கால் மீட்டர், கிழக்குக் கரையை ஒட்டினால் ஆழம் கூடுதல். 8.10 பாலம், நீர் இறங்குகிறது, நின்றபடி கடந்தோம். 8.30 போன முறை மாட்டிய இடம்: நடுவில் முழங்கால், மேற்குக் கரைப் பனைமரத்துக்கு நேரே இடுப்பு. அங்கே ஒதுங்கிப் போனோம். கூழைக்கடா பதினொன்று."

கூழைக்கடா எதற்கு என்று கேட்கலாம். அழகை எழுதவே கூடாது என்பது என் கட்சி அல்ல. எண்ணோடு எழுதுங்கள் என்பதுதான். பதினொன்று என்று எழுதினால் அடுத்த தையில் ஒப்பிட முடியும், 'கூட்டமாக' என்று எழுதினால் முடியாது.

அன்றிரவே நல்ல கையெழுத்தில் படி எடுத்துவிடுங்கள். மறுநாள் காலையில் நம் சுருக்கெழுத்தே நமக்குப் புரியாது. பின்பக்கத்தில் ஓர் இடவரிசை வைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு வளைவுக்கும் பாலத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அந்தந்த நாளின் ஆழத்தையும் ஓதம் திரும்பிய நேரத்தையும் அதில் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். தேதிவாரியாக மட்டும் எழுதிய நோட்டில், மாட்டிக்கொண்ட நேரத்தில் எதையும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

கடைசியாக, படகு ஓட்டுகிறவருக்கு ஒரு படி கொடுத்துவிட்டு வாருங்கள். இதில் எனக்கு ஒரு சிக்கல் இருந்தது. மாமா வீட்டில் பேசுவது தமிழ். படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடத்தில். என் எழுத்தைக் கூட்டிப் படிக்க அவருக்குப் பொறுமை இல்லை. ஆகவே அவருக்காகக் கால்வாயைப் படமாக வரைந்தேன்: கோடுகள், எண்கள், பனைமரம், முழங்காலுக்கும் இடுப்புக்கும் கோடிட்ட ஒரு சிறு ஆள் உருவம். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுப் படகின் பின்பலகையடியில் செருகி வைத்தார். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது, நான் வரைந்த வளைவுக்குப் பக்கத்தில் அவர் பென்சிலால் இன்னொரு சிறு ஆளை வரைந்து, கழுத்தில் கோடு போட்டிருந்தார். அங்கே அவ்வளவு ஆழம் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது; அன்றே என் நோட்டின் இடவரிசையில் ஏற்றிக்கொண்டேன்.